முக்குங்க என்றார்கள், முக்கினேன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்து, சுகந்திக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது, பிள்ளைப்பேற்றுக்கு ஹல்துமுல்லையில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறேன் என்று சொன்னாய். கடைசியில், போனை வைக்கப்போகிற நேரத்தில், "அம்மா, இதுல நான் தெரிஞ்சிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாய். நான், "ஒண்ணுமில்ல தம்பி, கூட இருந்தாப் போதும்" என்றேன். வைத்த பிறகு போன் பக்கத்து ஸ்டூலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னது பொய். நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது, இருபத்துநான்கு வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்று. போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நேரில் சொன்னால் நீ எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். பயப்படாமல் வாசி. இது நல்லபடியாக முடிந்த விஷயம், முடிந்து ஏழு வருடமாகிறது. நிம்மதியான மனதோடுதான் எழுதுகிறேன்.

நீ பிறந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. ஆசிரியர் கலாசாலையை முடித்துவிட்டு நமுனுகுலைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா அந்தத் தோட்டத்து லொறி ஓட்டினார். வலி வந்ததும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். நீ ஒன்பது இறாத்தலுக்கு மேல், நாலு கிலோவைத் தாண்டிய, அவசரமே இல்லாத பிள்ளை. ஒன்றரை நாள் எடுத்தாய். மருத்துவச்சி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "முக்கு, முக்கு, இன்னும் முக்கு டீச்சரு" என்று தொண்டை கட்டுமளவுக்குக் கத்தினாள். நானும் அவள் சொன்னபடியெல்லாம் முக்கினேன். நீ வந்தாய். வரும்போது கிழிந்தது. தையல் போட்டார்கள், தோல் ஆறிவிட்டது. தோலுக்கு உள்ளே, மலவாசலைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு தசை இருக்கிறது. அதுவும் கிழிந்திருந்தது வெளியே தெரியவில்லை. அதைப் பார்க்கிற கருவியும் அன்றைக்கு அங்கே இல்லை. இதில் உன் பிழை ஒன்றுமில்லை. அதை இங்கேயே எழுதிவிடுகிறேன், மீதியை அந்த எண்ணத்தோடு நீ வாசிக்கக்கூடாது.

முதலில் காற்றை அடக்க முடியவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, சரியாகிவிடும் என்று இருந்தேன். ஆகவில்லை. பிறகு வயிறு இளகும் நாட்களில் கக்கூசுக்குப் போய்ச் சேருவதற்குள் துணி நனைந்தது. போகப்போக இருமினால், பாரம் தூக்கினால், மலையேறினால்கூட என்று ஆனது. எழுதும்போதும் சொல் தடுமாறுகிறது பார். பிள்ளைகளுக்கு உடம்பின் படம் போட்டு உறுப்புகளுக்குப் பெயர் எழுத வைக்கிறவள் நான். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எங்கள் படத்தில் கோடு போகாது. மலம் கசிந்தது, தம்பி. பதினேழு வருடம் கசிந்தது. பழைய சேலைகளைக் கிழித்துத் துணி வைத்துக்கொண்டேன். வெளியே போகிற நாட்களில் சாப்பிடவில்லை. மூன்று வயதில் நீ கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவாய், நான் தூக்காமல் குனிந்து தலையைத் தடவி அனுப்பிவிடுவேன். "ஏன்டி புள்ளைய அண்ட விடமாட்டேங்கிற?" என்று உன் பெரியம்மா கேட்டாள். தமிழ்த்தினப் போட்டியில் நீ பேச்சில் முதலாவதாக வந்தாயே, பதுளையில் பரிசளிப்பு. அன்றைக்கு நான் தலைவலி என்று வராமல் இருந்ததாகத்தான் நீ நினைத்திருப்பாய். நான் உடுத்திக்கொண்டு தெமோதரை ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே வந்தேன். அங்கேயிருந்து திரும்பிப் போனேன். ஏனென்று இப்போது உனக்கு விளங்கும். வீட்டுக்கு வந்த நீ, பரிசுப் புத்தகத்தை என்னிடம் காட்டாமல் அப்பாவிடம் காட்டினாய்.

அப்பாவுக்குத் தெரியும். எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒருநாள் துணி துவைக்கிற இடத்தில் வந்து நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், "வாஷர் போயிருக்கும். மாத்தினாச் சரியாயிரும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் துவைத்துக்கொண்டிருந்த துணியை அவர் மேலேயே எறிந்தேன். அது நனைந்து கனத்துப்போய் அவர் தோளில் தொங்கியது. அவர் அதை எடுத்து, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பல வருடம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது யோசித்தால் அவர் ஒருவர்தான் அதைப் பழுது என்று பார்த்திருக்கிறார். பழுது என்றால் திருத்தலாம். நான் அதைக் கேவலம் என்று பார்த்தேன். கேவலத்தை மூடத்தான் தோன்றும்.

நீ ஓ.எல். பரீட்சை எடுக்கிற வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட ஒரு லேடி டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், சின்ன வயது. காலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், போகிற நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் ரீச்சர், விடியத் தொடக்கம் நிண்டுகொண்டே நிக்கிறியள்? இருக்கேலாதோ?" என்று கேட்டார். யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரே ஒரு வாக்கியத்தில் சொன்னேன். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. "இதுக்கு ரெஸ்ற் செய்யலாம் ரீச்சர். எங்க கிழிஞ்சிருக்கு, எவ்வளவு பலம் மிச்சம் இருக்கெண்டு அளந்து பாக்கலாம்" என்றார். அளக்கலாம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அளக்கக்கூடிய ஒன்று என்றால் அது எனக்கு மட்டும் வந்த சாபமில்லை அல்லவா? அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு பதுளை கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து கொழும்புப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நாள் கிடைத்தது. உன்னிடம் கர்ப்பப்பையில் கட்டி என்று சொன்னோம். அப்பா சொல்லிக் கொடுத்த பொய் அது, நான் தலையாட்டினேன்.

அந்த அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் டொக்டரும் கம்பியூட்டரும். திரைக்கு இந்தப் பக்கம் நானும் ஓர் அட்டெண்டன் அம்மாவும். சிங்கள மனுஷி, ஐம்பது வயதிருக்கும், நல்ல தன்மையான முகம். இடது பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். பேனா மூடி அளவுகூடப் பருமனில்லாத ஒரு குழாயை எண்ணெய் மாதிரி ஏதோ பூசி உள்ளே வைத்தார்கள். வலிக்கவில்லை. வலிக்கும் என்று பயந்துதான் பலர் போகாமல் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். லொறி டயருக்குக் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அப்பா அளப்பாரே, அந்த மாதிரித்தான். சும்மா இருக்கும்போது அந்த வளையம் எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறது, வேண்டுமென்று இறுக்கினால் எவ்வளவு கூடுகிறது, இருமினால் என்ன ஆகிறது, முக்கினால் விட்டுக்கொடுக்கிறதா, எல்லாம் கோடாக விழும். குழாயின் நுனியில் ஒரு சின்ன பலூன். அதை ஊதிக்கொண்டே போய், எப்போது தெரிகிறது, எப்போது அடக்க முடியவில்லை என்று கேட்பார்கள்.

டொக்டர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சொல்வார், அந்த அம்மா எனக்குத் தமிழில் சொல்வார். டொக்டர் திரைக்கு அப்பாலிருந்து, "ஸ்குவீஸ்" என்றார். அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, முக்குங்க! நல்லா முக்குங்க! இன்னும், இன்னும்!" என்றார். நான் முக்கினேன். பதினேழு வருடத்துக்கு முன்னால் டிஸ்பென்சரியில் முக்கியது போலவே, கண் பிதுங்க முக்கினேன். டொக்டர் மறுபடியும் "ஸ்குவீஸ்" என்றார். மறுபடியும் "முக்குங்க." மூன்று முறை. பிறகு டொக்டர், "புஷ்" என்றார். அதற்கும் அந்த அம்மா, "முக்குங்க அம்மா" என்றார். நான் அதற்கும் முக்கினேன். கடைசியில் என் முதுகைத் தட்டி, "பயம் வேணாம், நல்லா செஞ்சது" என்றார்.

ஸ்குவீஸ் என்றால் இறுக்குவது, புஷ் என்றால் தள்ளுவது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு காதிலும் இரண்டு சொல் விழுந்தது. நான் என் தோளைப் பிடித்திருந்தவரின் சொல்லைக் கேட்டேன். அந்தக் கோலத்தில், பின்பக்கம் திறந்து கிடக்கும்போது, "இதுவா அதுவா?" என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

பின்னேரம் டொக்டர் அப்பாவையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர், அப்பாவுக்குத் தெரிந்த சிங்களத்தில் பொறுமையாகத்தான் சொன்னார். இறுக்கச் சொன்னபோது கோடு எழும்பவே இல்லை, தசைக்குப் போகிற நரம்பே செத்திருக்கலாம். நரம்பு இல்லாத தசையைத் தைத்துப் பயனில்லை. வயிற்றில் ஒரு வழி வைத்து, அங்கே பை மாட்டிக்கொள்வதுதான் நல்லது, யோசித்துக்கொள்ளுங்கள். ஆறு கிழமை கழித்து வந்தால் ஸ்கேனும் நரம்பு டெஸ்டும் செய்து முடிவெடுக்கலாம். அப்பா தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே, "காலம் பூரா பையாங்க சேர்?" என்று கேட்டார். "அநேகமா" என்றார் டொக்டர்.

திரும்பி வருகிற ரயிலில், பண்டாரவளை தாண்டிய பிறகு, எனக்கு அது பளிச்சென்று விளங்கியது. அவர் கேட்டது ஒன்று, நான் செய்தது வேறொன்று. கோடு எழும்பாததில் என்ன அதிசயம்? ஆனால் தம்பி, விளங்கிய பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இதுதான் உன்னிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய பிழை. அத்தனை பெரிய மெஷின் பிழையாகவா எழுதும், அத்தனை படித்த டொக்டருக்கா தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள்ளே இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்வதானால் மறுபடி அந்தக் கட்டிலைப் பற்றிப் பேச வேண்டும். பேசுவதைவிடப் பை மேல் என்றுகூட நினைத்தேன். வயிற்றைத் தடவிப் பார்த்து, பை எந்த இடத்தில் வரும், சேலைக்கு மேலே தெரியுமா என்று கணக்குப் போட்டேன். நாலு கிழமை அப்படியே போனது.

அப்போதுதான் உன் தவணைப் பரீட்சை விஞ்ஞானத் தாள் வந்தது. நினைவிருக்கிறதா? பின்பக்கத்து இரண்டு கேள்விகளை உங்கள் சேர் திருத்தவே இல்லை, ஒட்டியிருந்த தாளைப் பிரிக்காமல் விட்டிருந்தார். முப்பத்தெட்டுப் போட்டிருந்தது. நீ அதை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாய்.

"வாய் இருக்குல்ல உனக்கு? போய்க் கேளு" என்றேன்.

"சேர் ஏசுவாரும்மா. எல்லாருக்கும் முன்னுக்குச் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. நீ கேக்காட்டி அதுதான்டா ஒன் மார்க்கு!"

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்றுகொண்டிருந்தபோது என் குரலே எனக்குக் கேட்டது. நீ மறுநாள் போய்க் கேட்டாய். அறுபத்தொன்று ஆனது. காதெல்லாம் சிவந்து வந்தாய். "ஏசினாரா?" என்று கேட்டேன். "இல்லம்மா, 'அட, ஒட்டிக்கிச்சு'ன்னாரு" என்று சொன்னாய். நீ அன்றைக்கு எனக்கு என்ன செய்தாய் என்று உனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாம் முறை போனபோது அதே அறை, அதே டொக்டர், அதே அம்மா. ஸ்கேனுக்கு முன்னால் பழைய டெஸ்டை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று டொக்டரே சொன்னார். படுத்தேன். "ஸ்குவீஸ்" என்றார். "முக்குங்க அம்மா" என்றார் அந்த அம்மா. சுவரைப் பார்த்தபடி, என் வகுப்பில் பின்வாங்குப் பிள்ளைக்கும் கேட்கிற குரலில் கேட்டேன்:

"சேர், ஸ்குவீஸா? புஷ்ஷா?"

திரைக்கு அப்பால் நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு டொக்டர், "ஸ்குவீஸ். ஏன்?" என்றார்.

"இவங்க புஷ் பண்ணச் சொல்றாங்க சேர். போன முறையும் புஷ்தான் பண்ணினேன்."

அவர் சிங்களத்தில் அந்த அம்மாவிடம் என்னவோ கேட்டார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "அனே அம்மே! எனக்குத் தெரிஞ்ச டமில் எல்லாம் லேபர் ரூம் டமில்!" என்றார். பதினெட்டு வருடம் மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்ட்டில் வேலை செய்தவராம். எங்கள் பெண்களிடமிருந்துதான் தமிழ் பழகியிருக்கிறார். அங்கே இடுப்புக்குக் கீழே செய்ய வேண்டிய எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் தேவைப்பட்டிருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். குழாயோடு சிரித்தால் கோடு தாறுமாறாக ஆடியது, டொக்டர், "சிரிக்க வேண்டாம், சிரிக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே அவரும் சிரித்தார். பிறகு அந்த அம்மாவுக்கு நான் படுத்தபடியே பாடம் எடுத்தேன். "இதுக்கு 'அடக்கிப் பிடிங்க'ன்னு சொல்லணும் அக்கே. பஸ்ல வயித்தக் கலக்கினா என்ன செய்வோம்? அது." அவர், "அடக்கிப் பிடிங்க, அடக்கிப் பிடிங்க" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடக்கிப் பிடித்தேன். திரைக்கு அப்பால், "ஆ" என்று ஒரு சத்தம். கோடு எழும்பியிருக்கிறது. உயரமாக இல்லை, சாதாரண ஆளுக்கு வருவதில் பாதிகூட இல்லை. ஆனால் எழும்பியது. போன முறை இருமியபோது கோடு கொஞ்சம் எழும்பியதும், இறுக்கச் சொன்னபோது படுத்துவிட்டதும் தனக்கும் உறுத்தலாகவே இருந்தது, அதனால்தான் திரும்ப வைத்துப் பார்த்தேன் என்று டொக்டர் சொன்னார். பிறகு விரல் பருமனில் ஒரு ஸ்கேன் கருவியை வைத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தை அவர் எங்களிடம் காட்டினார். வட்டத்துக்குள் வட்டமாகச் சாம்பல் நிறத்தில் வளையங்கள். வெளி வளையத்தில் முன்பக்கம் மட்டும் ஒரு துண்டு இல்லை, கடிகாரத்தில் பதினொன்றிலிருந்து ஒன்று வரைக்கும் அழித்துவிட்ட மாதிரி. நீ வந்த வழி. நரம்பு டெஸ்டிலும் ஒரு பக்கம் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். நரம்பு சாகவில்லை. கிழிந்த இரண்டு முனையையும் தேடிப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைக்கலாம், பை தேவைப்படாது என்றார். அப்பா படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாதீங்க என்று நான் கண்ணால் சொல்லியும், "நான் அப்பவே சொன்னேன்ல, வாஷருன்னு" என்றார். இந்த முறை எறிவதற்குக் கையில் ஒன்றுமில்லை. கொரிடோரில் அத்தனை பேர் பார்க்க, அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

தைத்தார்கள். முழுக்கச் சரியானதா என்று கேட்டால், இல்லை. வயிறு மோசமாகிற நாட்களில் இப்போதும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை அடக்கிப் பிடிக்கிற பயிற்சி செய்கிறேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டே செய்வேன், யாருக்கும் தெரியாது. ஆனால் துணி வைப்பதில்லை. சாப்பிட்டுவிட்டுப் பயணம் போகிறேன். போன வருடம் உன் கல்யாணத்தில் கடைசிப் பந்தி முடியும் வரைக்கும் நான் மண்டபத்தில் நின்றேன், சம்பந்தியம்மாவோடு வாயாடினேன், ஒருமுறைகூட வாசல் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு இதையெல்லாம் கவனிக்க ஏது நேரம்?

நீ என்னை ஈரமில்லாத மனதுக்காரி என்று நினைத்து வளர்ந்தாய். அந்த எண்ணத்தை அப்போதே மாற்றியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதுமாயிருந்திருக்கும். சொல்லாமல் விட்டதை இன்று திரும்பக் கொண்டுவர முடியாது, மன்னித்துக்கொள். சுகந்தி விஷயத்திலாவது அதே பிழையைச் செய்ய மாட்டேன். பிள்ளை பெற்ற பெண்ணிடம் எல்லாரும் பால் ஊறுகிறதா என்று கேட்பார்கள், பிள்ளை தூங்குகிறதா என்று கேட்பார்கள். இதை யாரும் கேட்பதில்லை. கேட்டால்தான் சொல்ல முடியும். சொன்னால்தான் அளக்க முடியும். நீ வாசித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. உனக்குக் கூச்சமாக இருந்தால் மேசையில் வைத்துவிட்டுப் போ, அவள் எடுத்து வாசிப்பாள்.

பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிவதற்குள் ஹல்துமுல்லைக்கு வருவேன். வந்து அவளிடம் தனியாக உட்கார்ந்து, "காத்து அடங்குதாம்மா? துணி நனையாம இருக்கா?" என்று கேட்பேன். அந்த நேரம் நீ ஒரு சாக்குச் சொல்லிக் கடைக்குப் போய்விடு. அவள் முகம் சிவந்து, "ஐயோ அத்தை, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றால், இரண்டு பேருமாகச் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடிப்போம். அப்படி இல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தாள் என்றால், நீ திரும்பி வரும்போது எங்களைத் தேடாதே. பிள்ளையைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் பதுளை கிளினிக்குக்கு பஸ் ஏறியிருப்போம்.

அம்மா